உன் நாலாம் பாரம் இப்போது என்னிடம்

என் அருமை அக்கா,

பள்ளிப் பத்திரிகைக்கு உன்னைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ‘பொறுமையின் வடிவம்’ என்று தொடங்கலாமே என்று யோசனையும் சொன்னார்கள். கோபம் வந்தால் சாக்பீஸை வீசி எறியும் உன்னையா? நடந்ததை நடந்தபடியே, ஒன்றையும் மறைக்காமல் உனக்கே எழுதிவிடுகிறேன். படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

நீ போன பிறகு நான் அழவில்லை. மணி அடித்தால் எழுந்திருக்கிறேன். தட்டு வைத்தால் சாப்பிடுகிறேன். மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல் சில சமயம் உன் பெயரைச் சொல்லிப் பார்க்கிறேன். ஒன்றும் தெரிவதில்லை.

புது டீச்சர் வரும்வரை உன் நாலாம் பாரத்துத் தமிழ் வகுப்பை, ஆறாம் பாரத்தில் படிக்கும் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பரீட்சையில் இரண்டு முறை தவறியவர்கள், வீட்டைவிட்டு ஓடிவந்தவள், வாயே திறக்காதவள், என்னைவிட உயரமான சலோமி. இவர்களை எப்படித்தான் சமாளித்தாய்? நான் பலகைப் பக்கம் திரும்பினால் பூனை கத்துகிறது. திரும்பிப் பார்த்தால் எல்லோரும் ஜெபத்தில் இருக்கும் முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

சலோமி மட்டும் கத்துவதில்லை. விஷ ஜுரத்தில் கிடந்தவளை நீ பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டாய். அவளுக்கு ஜுரம் விட்டது. உன்னைப் பிடித்தது, விடவில்லை. அதன்பிறகு அவள் வகுப்பில் ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கோ அவள் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

“எழுது, சலோமி.”

“நீ இன்னா டீச்சரா? டீச்சரோட தங்கச்சி, அவ்ளோதான்.”

போன வாரம் சொற்பொருள் கேட்டேன். என்ன நினைத்தாளோ, எழுதிக் கொடுத்தாள். ‘தோல்வி: தோலை விற்பது.’ அவள் அப்பா மேல்விஷாரத்துத் தோல் பதனிடும் மண்டியில் சுண்ணாம்புக் குழியில் நிற்கிறவர்.

“தப்பு,” என்றேன்.

“எப்டி தப்பு? எங்க ஊர்ல தெனம் விக்கிறாங்களே.”

“அப்படியானால் கல்வி?”

“கல்லு விக்கிறது. அதான் மண்டையில ஏற மாட்டேங்குது.”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். உன்னிடம் சொல்லியாக வேண்டும் என்று ஆசிரியர் அறைவரை நடந்துவிட்டேன். உன் நாற்காலியில் யாரோ பூகோளப் படங்களைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

இன்று காலை சலோமியின் அப்பா வந்தார். பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“இவ பாஸ் பண்ண மாட்டான்னா இப்பவே சொல்லிடுங்கம்மா. மாப்ள பாத்து வச்சிக்கிறேன். கையோட இட்டுனு போய்டறேன்,” என்றார் அவர்.

“வகுப்பைப் பார்க்கிறவள் நீ. நீயே சொல், ரூத்து,” என்றார் பெரிய டீச்சர்.

அனுப்பிவிடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அக்கா. ஒரே சொல். அப்புறம் அந்த முகம் என் கண்ணில் படாது. சலோமி கதவோரம் டிரங்குப் பெட்டியோடு நின்றாள். துணியெல்லாம் எடுத்துவைத்துப் பூட்டியும் விட்டிருந்தாள். அவள் என்னைக் கெஞ்சவில்லை. நான் என்ன சொல்வேன் என்று முன்னமே முடிவு செய்துகொண்டவள்போல் நின்றாள்.

“இருக்கட்டும்,” என்றேன். “நான் சொல்லிக்கொடுக்கிறேன்.”

ஏன் அப்படிச் சொன்னேன்? இரக்கமா? சத்தியமாய் எனக்குத் தெரியவில்லை. நெஞ்சு மரக்கட்டையாகத்தான் இருந்தது. நீ உட்கார்ந்து மீட்டவளை நான் எப்படி அனுப்புவது?

போர்டிங்கில் இன்று விளக்கு அணைக்கும் முறை சலோமிக்கு. எல்லோரும் படுத்துவிட்டார்கள். அவள் சுவிட்சின் பக்கத்தில் நிற்கிறாள்.

“யாருக்கு எழுதுற?”

“அக்காவுக்கு.”

“நான் பொழச்சிட்டேன்னு எழுதினியா?” என்று கேட்டாள்.

“எழுதினேன்.”

“சரி. முடிச்சிட்டுச் சொல்லு.”

நாளையிலிருந்து அவளுக்கு முதல் பாடத்திலிருந்து சொல்லிக்கொடுக்கிறேன், அக்கா. அவளை எனக்குப் பிடித்தாலும் சரி, பிடிக்காவிட்டாலும் சரி, பரீட்சை முடியும்வரை விடமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

முடித்துவிட்டேன் என்றேன். விளக்கை அணைத்துவிட்டாள். இதையும் என் பெயரையும் இருட்டில் தடவி எழுதுகிறேன்.

உன் தங்கை,
ரூத்து