காலில் அடிக்காத நாற்று

இன்று காலை நாற்றங்கால் பக்கம் போனேன். பிடுங்கிய நாற்றின் வாசனை மூக்கில் ஏறியதும் உன்னோடு பேச வேண்டும்போல் இருந்தது. நீ போன பிறகும் உன்னிடம் சொல்லாமல் எனக்கு ஒரு வேலையும் ஓடுவதில்லை.

எழுபதுகளின் கடைசி அது. நமக்குக் கல்யாணமான புதிது. நீ திருவண்ணாமலையில் பெண்கள் பள்ளியில் தாவரவியல் டீச்சர். நான் கீழ்பென்னாத்தூரில் அப்பாவின் நிலத்தில் புதிதாய் இறங்கியவன். மழை பொய்த்துக் கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது. நட்ட நெல் ஒரே வாரத்தில் நுனி கருகியது. அப்பா வந்து பார்த்தார். "இந்த தபாவும் போச்சுன்னா நெலத்த வித்துடலாம்டா" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

நீ நாற்றங்காலைக் காட்டினாய். நடவுக்குப் போக மிச்சம் நின்ற நாற்று அங்கே பச்சையாகவே இருந்தது. "அதுக்கும் அதே கெணத்துத் தண்ணிதானே? அது மட்டும் ஏங்க சாவல?"

எனக்குக் கோபம் வந்தது. வயிறு எரிகிற நேரத்தில் பரீட்சை வைக்கிறாளே என்று நினைத்தேன்.

மறுநாள் பள்ளி ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனாய். என் சவரப் பிளேடால் நாற்றங்கால் நாற்றின் வேரை மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்தாய். நடுவைச் சுற்றி ஒரு வளையம் தெரிந்தது. "இங்க செல்லுக்கு நடுவுல இருக்கிற இடுக்க மெழுகு பூசின மாதிரி அடைச்சிருக்கு. தண்ணி செல்லு வழியாத்தான் உள்ள போவணும். செல்லு சத்த எடுத்துக்கும், உப்ப முடிஞ்சவரைக்கும் நிறுத்திடும்" என்றாய். பிறகு கருகிய பயிரின் வேரை எடுத்தாய். அது அங்கங்கே பிய்ந்திருந்தது. "பிஞ்ச எடத்துல காவல் ஏது? உப்பு நேரா இலைக்குப் போயிடுது."

பிய்ந்தது நம் ஆட்களால்தான். பிடுங்கிய நாற்றைக் கைப்பிடி கைப்பிடியாகக் காலில் அடித்துச் சேற்றை உதறுவார்கள். தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான்; யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை.

மிச்ச நாற்றை வைத்துக் கருகிய இடத்தில் மறுபடி நட்டோம். நாற்றங்காலில் தண்ணீர் கட்டி, சேறு இளகியதும் மெல்ல வாரி, வாய்க்காலில் அலசச் சொன்னாய். வந்த பெண்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "டீச்சரம்மா நாத்துக்குத் தலைக்கு ஊத்தறாங்க. சாம்பிராணியும் போட்டுடுங்கம்மா" என்றாள் ஒருத்தி. வேலை ஜாஸ்தி என்று முணுமுணுத்துக்கொண்டேதான் அலசினார்கள்.

பயிர் தெளிந்தது. புது இலை நுனிவரை பச்சையாக வந்தது. அப்பா வரப்பைச் சுற்றி நடந்துவிட்டு, "ஒரம் வாங்கிப் போடு" என்று மட்டும் சொல்லிப் போனார். நிலம் தப்பியது. எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. திரும்பினால், நீ வரப்பில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாய்.

"பொழைக்கும்னு எனக்கு மட்டும் தெரியுமாங்க? ரெண்டு பேரும் பயந்துட்டா என்ன ஆவறது? அதான் தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன்."

அப்போது வந்த சிரிப்பை என்னால் அடக்க முடியவில்லை. நீயும் அழுகையோடு சிரித்தாய்.

கடைசி நாட்களில் நீ படுக்கையில் கிடந்தபோது, "சரியாயிடும்" என்று நான் உறுதியாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நாள் என் கையை அழுத்திச் சொன்னாய்: "நல்லாவே பேசக் கத்துக்கிட்டீங்க."

உனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. உன்னை ஏமாற்றி அனுப்பவில்லை என்கிற நிம்மதியில்தான் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வருகிறது.