சூட்டோடு கட்டிய சோறு

அக்கா,

இன்று காலை திருத்தணிக்குப் போகும் வண்டிக்காக வீட்டில் புளிச்சோறு கட்டினார்கள். அனலில் வாட்டிய வாழை இலையின் வாசனை அடுக்களையிலிருந்து வந்ததுமே கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எழுந்தேன். ஓடிப் போய்ச் சோற்றில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். ஆறித்தான் இருந்தது. "இன்னாத்துக்கு இப்பிடி பதர்றே?" என்று என் வீட்டுக்காரர், உன் கொழுந்தன், சிரித்தார். அவருக்கென்ன, சிரிப்பார். அன்று அவர் வண்டியில் இல்லை.

இந்த வீட்டுக்கு மூத்த மருமகள் நீ, இளையவள் நான். வழிக்குச் சாப்பாடு கட்டுவதில் திருமுல்லைவாயிலில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது. முறத்தில் இலை போட்டுச் சோற்றைப் பரப்புவாய். அது ஆறும் வரை யாரையும் வண்டியில் ஏற விடமாட்டாய். "சூடா கட்னா உள்ள வேர்த்துக்கும். வேர்த்த சோறு வெசம்" என்பாய். கடைப் பலகாரத்தை யாரும் தொடக் கூடாது. சாப்பிட்ட இலை மாட்டுக்கு, அரிசி கழுவிய தண்ணீரும் மாட்டுக்கு. நாம் உட்கார்ந்த மரத்தடியில் ஒரு பருக்கை சிந்திக் கிடந்தால்கூடத் திரும்பிப் போய்ப் பொறுக்குவாய். உன்னோடு வெளியூர் போவதே சில சமயம் தண்டனைதான், போ.

பட்டணத்தில் குண்டு போடப் போகிறார்கள் என்று ஊர் ஊராகக் கிளம்பிய, யுத்த காலத்துக் கோடை அது. ஆண்கள் மாடு கன்றைப் பார்த்துக்கொள்ளத் தங்கிவிட்டார்கள். நம்மைக் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உன் அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். என் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு அப்போதுதான் நின்றிருந்தது. இன்னொரு முறை போனால் பிழைக்க மாட்டான் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். வழியெல்லாம் காலரா என்று வேறு பேச்சு. குண்டைவிட எனக்கு அவன் வயிற்றை நினைத்துத்தான் பயம்.

நீ சோறு வடித்து நிமிரும்போது, ஆவடிப் பக்கம் ஏரோப்ளேன் சத்தம் கேட்டதாக யாரோ கத்திக்கொண்டு தெருவில் ஓடினார்கள். நீயும் மனுஷிதானே. நமக்குப் புளிச்சோறு, பிள்ளைக்குப் பால்சோறு, இரண்டையும் கொதிக்கக் கொதிக்க இலையில் அள்ளிக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாய்.

பூந்தமல்லி ரோடு முழுக்க வண்டிகள். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் மாட்டை அவிழ்த்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கட்டைப் பிரித்தாய். பால்சோறு திரிந்து நாறியது. புளிச்சோறு கொழகொழத்து நூல் விட்டது. உன் முகத்தில் ரத்தமே இல்லை. பிள்ளை பசியில் அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தான். பக்கத்தில் ஒருத்தி வெள்ளரிப்பிஞ்சு அறுத்து விற்றாள், மேலெல்லாம் ஈ. நான் கை நீட்டினேன். நீ என் கையைத் தட்டிவிட்டாய்.

வண்டிக்காரர் மாட்டுக்கென்று வைத்திருந்த தவிட்டுச் சாக்கை இழுத்தாய். உரலில் குத்திய தவிடு, நொய் கலந்திருந்தது. முந்தானையை விரித்துப் போட்டுத் தவிட்டை ஊதி ஊதி நொய்யை ஒதுக்கினாய்.

"இன்னாம்மா, மாட்டுத் தீனியவா புள்ளைக்குக் குடுக்கப் போறே?" என்றார் வண்டிக்காரர்.

"தவுடு உன் மாட்டுக்கே அண்ணாத்தே. நொய்யி மட்டும் நம்ம புள்ளைக்கு."

தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு அந்த நொய்யைக் காய்ச்சினாய். பிள்ளைக்குப் போக மிஞ்சியதை எனக்கும் வண்டிக்காரருக்கும் ஊற்றினாய். "பின்னாடி வர்ற புள்ளைங்க யாராச்சும் எடுத்துத் துன்னுட்டா இன்னா ஆவறது?" என்று கெட்ட சோற்றை எடுத்துக்கொண்டு கரைக்குக் கீழே இறங்கி, பள்ளம் பறித்துப் புதைத்துவிட்டு வந்தாய். உனக்குக் கஞ்சி இல்லையே என்றேன். "நான் துன்னாச்சி" என்றாய்.

என் கவனமெல்லாம் பிள்ளை மேல். அந்தக் கஞ்சி உள்ளே தங்க வேண்டுமே என்று வழி முழுக்க அவன் வயிற்றில் கை வைத்தபடியே வந்தேன். அவன் முனகினாலும் பயம், முனகாவிட்டாலும் பயம். மறுநாள் விடிந்ததும் வண்டியிலேயே கண் திறந்து, "பசிக்குது" என்றான். நீ சிரித்தாய். நான் அழுதேன்.

உன் அம்மா வீட்டு வாசலில் வண்டி நிற்பதற்குள் உனக்கு வாந்தியும் போக்கும் கண்டுவிட்டது. பாயில் சுருண்டு கிடந்தபோது, நான் கேட்காமலே சொன்னாய். "அடியில இருந்த புளிச்சோறு நல்லாத்தாண்டி இருந்துது. அதயும் பொதைக்க மனசு வர்ல."

அந்தச் சோறுதானா, வழியில் குடித்த தண்ணீரா என்று வைத்தியராலும் சொல்ல முடியவில்லை. தெரிந்து மட்டும் என்ன, நீ பிழைக்கவில்லை. ஊரில் குண்டும் விழவில்லை. எல்லாரும் திரும்பி வந்தோம், உன்னைத் தவிர.

இப்போது இந்த வீட்டில் யார் "நான் சாப்பிட்டாச்சு" என்றாலும் நான் நம்புவதில்லை. சமைத்தவளை எதிரில் உட்கார வைப்பேன். அவள் வாயில் முதல் கவளம் போன பிறகுதான் என் இலையில் கை வைப்பேன்.