முதுகில் ஒரு சந்தனப் பொட்டு

ஜூலை 8, 2003

ரெக்கார்டு பிளேயருக்கு முதுகில்கூடப் பொட்டு வைத்திருக்கிறார்கள். மாமா அதை ஆட்டோவிலிருந்து இறக்கும்போது என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். முன்னால் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, பின்னால் ஒயர் கிளம்புகிற இடத்துக்குப் பக்கத்தில் தடிமனாக ஒன்று. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பழைய சந்தனத்தின் மேலேயே புதுசை அப்பியிருக்கிறார்கள். கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது.

யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது கீழ்பென்னாத்தூர் மைக்செட் மூர்த்தியிடம் விட்டுப்போனதாம். மூர்த்தி கல்யாணம், காதுகுத்து என்று பல வருஷம் ஓட்டிவிட்டு, இப்போது சிடி வந்துவிட்டதால் அருணகிரி மாமாவின் தலையில் கட்டிவிட்டார். செங்கம் ரோட்டில் எல்லாக் கடையிலும் இஞ்சி டீ கிடைக்கிறது, நம் கடையில் ரெக்கார்டும் கிடைக்கும் என்கிறார் மாமா.

நான் பின்கட்டில் டம்ளர் கழுவுகிறேன். எதுவானாலும் எனக்கு ஒன்றுதான்.

ஜூலை 9

சத்தம் வரவில்லை. வருகிறது, ஆனால் வரவில்லை.

கம்ப்யூட்டருக்கு வைக்கிற ஸ்பீக்கர் வாங்கியிருக்கிறார் மாமா. கரண்டில் செருகினால் போதும், ஆம்ப்ளிஃபையர் அதற்குள்ளேயே இருக்கிறதாம். சிடி பிளேயரைச் சேர்த்தால் கடை அதிர்கிறது. ரெக்கார்டு பிளேயரைச் சேர்த்தால் அடுத்த தெருவில் யாரோ பாடுகிற மாதிரி இருக்கிறது. குமிழை முழுக்கத் திருகினால் இரைச்சல்தான் ஜாஸ்தியாகிறது.

“நம்ம அன்பு மாதிரியே இருக்குது இது. வாயத் தொறக்குது, ஒண்ணும் கேக்கல,” என்றார் மாமா, என்னைக் காட்டி.

ஜோதி அத்தை சிரித்தாள். நானும் சிரித்தேன். அதுவும் யாருக்கும் கேட்டிருக்காது.

ஜூலை 12

மூர்த்தியை வரவழைத்தார்கள்.

“எங்கிட்ட இருந்த வரைக்கும் கூரை பிச்சிக்கினு போவும். உன் ஸ்பீக்கரு சொத்தை,” என்றார்.

“இப்பத்தான் வாங்கனது, சொத்தைன்றியா?”

“அப்ப உன் கடையில கரண்டு கம்மி.”

முள்ளை மாற்றிப் பார்த்தார். ஒயரை மாற்றிப் பார்த்தார். அத்தை ஒரு எலுமிச்சம்பழத்தைச் சுற்றி ரோட்டில் போட்டாள். நாளைக்குப் பௌர்ணமி. மலை சுற்ற வந்தவர்கள் அதை மிதிக்காமல் தாண்டிப் போனார்கள்.

ஜூலை 20

சப்ளையர் சுப்பிரமணி அண்ணன் வேலையை விட்டு நின்றுவிட்டார். ரெக்கார்டு ஓடும்போது ஆர்டரைக் கத்தாதே என்று மாமா சொல்ல, கத்தாம சப்ளை பண்றதுக்கு வேற ஆளப் பாத்துக்க என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வேறு ஆள் நான். இப்போதைக்கு.

எட்டாவதில் டீச்சர் எழுப்பி நிறுத்திப் பாடம் படிக்கச் சொல்வார். ‘கேக்கல, கேக்கல’ என்று பின்பெஞ்சு கத்தும். அதற்குப் பயந்துதானே பள்ளிக்கூடமே வேண்டாம் என்று நின்றேன்? இப்போது டேபிள் டேபிளாகப் போய்ப் பேச வேண்டும்.

ஆகஸ்ட் 3

இன்று முழுக்க ஒருத்தர்கூட என்னை ‘என்னது?’ என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 5

ஏன் என்று புரிந்துவிட்டது. பாட்டு காதில் விழாததால் வருகிறவர்கள் நாற்காலியைப் பிளேயர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு மூச்சுவிடாமல் உட்கார்கிறார்கள். கரண்டி விழுந்தால்கூடத் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்த அமைதியில் என் குரலே ஜாஸ்தி. ஒரு வெள்ளைக்கார அம்மா, மெதுவாகப் பேசு என்று எனக்குச் சைகை காட்டினாள். எனக்கு!

ஆகஸ்ட் 24

ஆசிரமத்துக்கு வந்திருக்கிற பெங்களூர் இன்ஜினியர் ஒருவர், பெயர் மாறன், பொறுமையாக விளக்கினார். முள்ளிலிருந்து கிளம்புவது ரொம்பச் சின்ன சத்தம். மூர்த்தியின் ஆம்ப்ளிஃபையரில் அதைத் தூக்கிவிடத் தனி ஏற்பாடு உண்டு. இந்த ஸ்பீக்கரில் கிடையாது. நடுவில் அதற்கென்று ஒரு சின்னப் பெட்டி வைக்க வேண்டும்.

“செல பிளேயர்ல அது உள்ளயே இருக்குங்க. பின்னாடி ஒரு சுவிட்சு இருக்கும், தள்ளினா போதும்.”

குனிந்து முதுகைப் பார்த்தார். பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“இதுல இல்லீங்க.”

பெங்களூரில் பெட்டி தேடிப் பார்த்துவிட்டு போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

செப்டம்பர் 11

கூட்டம் கூடிக்கொண்டே போகிறது. சத்தம் ஏன் இப்படி என்று கேட்கிறவர்களிடம், தியானத்துக்காக வேண்டுமென்றே வைத்தது என்கிறார் மாமா. அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனதும் ஸ்பீக்கர் தலையில் ஒரு தட்டு.

“கம்மி சத்தத்துக்கே இவ்ளோ பேர் வர்றான்னா, ஜாஸ்தியானா யோசிச்சிப் பாரு,” என்கிறார் அத்தையிடம். அத்தை யோசிக்கிறாள்.

செப்டம்பர் 21

மாறன் போன் செய்தார். ரெக்கார்டை இப்போது யாரும் கேட்பதில்லை என்பதால் அந்தப் பெட்டி எந்தக் கடையிலும் இல்லையாம்.

சாயந்திரம் அம்மா அடி அண்ணாமலையிலிருந்து வந்திருந்தாள். மாமா தீர்ப்பு மாதிரி சொன்னார்: “ஆயுத பூஜை வரைக்கும் பாப்பேன். சத்தம் வந்துடுச்சின்னா சுப்பிரமணியக் கூப்டுக்குவேன். அதுக்கு மேல கத்தறதுக்கு இவளால ஆவாது. வரலன்னா, இவளே இருக்கட்டும்.”

“அவரு வந்துட்டார்னா இவள மல்லாட்டை மில்லுக்கு அனுப்பிடறேண்ணே,” என்றாள் அம்மா. “அங்க மிஷின் சத்தத்துல யாரும் பேசவே வேணாம். இவளுக்குத் தோதா இருக்கும்.”

அம்மா என் நல்லதுக்குத்தான் சொன்னாள். கடலை உடைக்கிற தூசியில் தலைமுடி வெளுத்துப்போய்த் திரும்பி வருகிற பெண்களை நான் பஸ்ஸில் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஒருவரோடு ஒருவர் சைகையில்தான் பேசிக்கொள்கிறார்கள்.

அக்டோபர் 2

சுப்பிரமணி அண்ணன் வந்து டீ குடித்துவிட்டுப் போனார். காசு வாங்க வேண்டாம் என்றார் மாமா.

அக்டோபர் 4

ஆயுத பூஜை. மாமா பொரியும் பூசணிக்காயும் வாங்கப் போயிருந்தார். கடையில் இருக்கிற எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வை என்று எனக்கு உத்தரவு.

அடுப்பு, கிரைண்டர், கல்லாப்பெட்டி, ஸ்பீக்கர் எல்லாம் முடித்துவிட்டுப் பிளேயரைத் திருப்பினேன். முதுகுப் பொட்டு துணிக்கு மசியவில்லை. தண்ணீர் விட்டு ஊற வைத்து, தோசைக் கரண்டி முனையால் சுரண்டினேன். ஏடு ஏடாக உரிந்தது. அடியில் ஒரு சின்னக் கறுப்புக் குமிழ், மாறன் சொன்ன தள்ளுகிற சுவிட்சு. அதற்கு இரண்டு பக்கமும் இங்கிலீஷ் எழுத்து. கூட்டிப் படித்தேன். போனோ. லைன். குமிழ் போனோ பக்கம் ஒதுங்கியிருந்தது.

நாதஸ்வர ரெக்கார்டு ஒன்றை ஓடவிட்டு, குமிழை லைன் பக்கம் தள்ளினேன்.

தட்டில் அடுக்கியிருந்த டம்ளரெல்லாம் கிணுகிணுத்தது. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. உள்ளேயிருந்து அத்தை, “யாருடி அது?” என்றாள்.

“நான்தான் அத்தை.”

“யாரு?”

“நான்தான்.”

“ஒண்ணும் கேக்கல, யாருன்னு கேக்கறேன் இல்ல?”

குமிழைப் பழைய இடத்துக்கே தள்ளினேன். நாதஸ்வரம் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

“நான்தான் அத்தை. பொட்டு வைக்கறேன்.”

“சரி சரி, வையி.”

கிண்ணத்தில் தண்ணீர் கம்மியாக விட்டு, சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்தேன். முதல் பொட்டை முதுகில், குமிழின் மேலேயே வைத்தேன்.