கேஸில் செத்த சித்தப்பா

6 நவம்பர் 2003, வியாழன்

ஸ்டுட்கார்ட். மழை. குடை ரயிலில் போயிற்று. தமிழில் எழுதினால்தான் தங்கை வாசிக்க மாட்டாள்.

பல்கலைக்கழகத்தில் லத்தீனோ அடையாளச் செமினார். அமெரிக்காவுக்குப் போன மெக்சிக்கோக்காரரின் கதைகளுக்குப் பன்னிரண்டு ஜேர்மன்காரர் உருகுகிறார்கள். தமிழர் இரண்டு பேர்: நான், நிர்மலா. மன்னார்க்காரி, இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்ற முகம். ஆளுக்கொரு குடும்பக் கதை சொல்ல வேண்டுமாம், சொன்னால்தான் சான்றிதழ். அப்பா பீட்சாக் கடையில் கோப்பை கழுவுகிறார். அதையா சொல்வது?

8, சனி

வாங்க: பால், பருப்பு, பிரிண்டர் மை.

அலுமாரியில் அப்பாவின் அகதிக் கேஸ், தஞ்சம் கேட்டுக் கொடுத்த வாக்குமூலம். சித்தப்பாவை மாதா கோயில் மதிலோடு வைத்துச் சுட்டார்களாம். பிணத்தில் ஒற்றைச் செருப்பாம். சித்தப்பா ரொறொன்ரோவில் தொப்பையோடு இருக்கிறார். கேஸ் என்றால் அப்படித்தான், அகதி முகாமில் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுப்பது. கதையை எடுத்துக்கொண்டேன்.

13, வியாழன்

சொன்னேன். செருப்பு வந்த இடத்தில் குரல் தழுதழுத்தது. பேராசிரியை அழுதாள். நிர்மலா மேசையையே பார்த்தபடி. பொறாமை.

20, வியாழன்

நிர்மலாவின் முறை. மாதா கோயில் மதில். ஒற்றைச் செருப்பு. அவளுடைய சித்தப்பா. படம்கூடக் கொண்டுவந்திருந்தாள். யாரோ சிரித்தார்கள்.

"இதைப் போன வாரமே கேட்டோமே" என்றாள் பேராசிரியை. பிறகு என்னைப் பார்த்தாள். நான், "எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இந்தக் கதையைச் சொல்வார்கள்."

நிர்மலாவுக்குச் சான்றிதழ் இல்லை.

ரயிலடியில் பிடித்துக்கொண்டாள். "உன்ர சித்தப்பா உயிரோடதானே இருக்கிறார்?"

"ஓம்."

வந்த ரயிலில் ஏறிப் போய்விட்டாள். திட்டியிருக்கலாம். வெட்கமாக இருந்தது, பசியும்.

22, சனி

அப்பா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். நிர்மலாவைத் தெரியுமா என்று கேட்டேன்.

"நிர்மலாவோ? அந்தோனியின்ர மகளெல்லே! முகாமில ஒரே அறை. அவன்ர தம்பியைத்தான் சுட்டது. 'என்னட்டைச் சொல்ல ஒண்டுமில்லை' எண்டு நான் அழ, இதைச் சொல்லடா எண்டு தந்தவன்."

"அப்ப அவரின்ர கேஸ்?"

"எனக்கு விசாரணைத் தெர்மின் முதல் வந்திட்டுது. பிறகு அவன் போய்ச் சொல்ல, உது ஏற்கெனவே கேட்ட கதை, பொய் எண்டு தள்ளிப்போட்டாங்கள். கன வருஷம் அலைஞ்சவன், பாவம்."

"நீங்கள் போய் உண்மையைச் சொல்லேல்லையோ?"

"சொன்னா நீ இஞ்ச படிப்பியோ?"

உப்பு எடுத்துத் தரச் சொன்னார். கொடுத்தேன்.

24, திங்கள்

11 மணி: சான்றிதழ் வாங்க.