போர்த் தொடரில் அண்ணன் கண்ட தப்பு

14 டிசம்பர் 1986, ஞாயிறு

பயமாக இருக்கிறது. விளக்கை அணைக்க மனமில்லை.

ராணுவத்தில் ஸ்டோர் கிளார்க் என்று வீட்டில் சொல்லியிருக்கும் அண்ணன் லீவில் வந்திருக்கிறான். சாயங்காலம் பக்கத்து வீட்டு மாமியின் டிவியில் போர்த் தொடர் பார்த்தோம். எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டை. வீரர்கள் பாராசூட்டில் குதித்தார்கள்.

"சுத்தத் தப்பு," என்று அண்ணன் சிரித்தான். "முன்னால நிக்கிறவன் பாராசூட் கொக்கியைப் பின்னால நிக்கிறவன் சரிபாக்காம குதிக்க விடமாட்டாங்க."

"அரே, கிளார்க்குக்கு இதெல்லாம் எப்படிடா தெரியும்?" என்றாள் மாமி.

"ஃபைல்ல படிச்சிருப்பான்," என்றாள் அம்மா பெருமையாக.

நான் அவன் கையைப் பார்த்தேன். முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவின் முதுகுக்குப் பின்னால், இல்லாத கொக்கி ஒன்றை அது இழுத்துப் பார்த்தது.

மாடியில் துணி எடுக்கும்போது மெதுவாகக் கேட்டேன். "நீயும் குதிக்கிறியாண்ணா?"

"சுப்! மெதுவாப் பேசு, அம்மா காதுல விழப்போவுது."

"பின்னால நிக்கிறவன் ஒழுங்காப் பாப்பானா?"

"பாப்பான். அவனுக்கும் பயம் இருக்குமில்ல."

நாளை அவன் கிளம்பியதும் கோயிலுக்குப் போகவேண்டும். அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்பார்கள். அண்ணனுடையதைச் சொல்லிவிடுவேன். அவனுக்குப் பின்னால் நிற்பவனுக்கு என்ன பெயர் சொல்வேன்?