வலியாத நெஞ்சும் செவ்வரளிப் பொட்டலமும்

ஆவணி, வியாழன்

காலையில் தூறல், பிறகு வெயில். எனக்கு இதயம் மாற்றி வைத்து இது ஐந்தாம் ஆண்டு. இதயக் குழாயில் அடைப்பு உண்டா என்று ஆண்டுதோறும் பார்க்கும் ஆஞ்சியோ சோதனைக்குத் திங்களன்று வருமாறு திருச்சி மருத்துவமனையிலிருந்து தொலைபேசி. போவதாக இல்லை. உடையார்பாளையம் கடைத்தெரு வரை நடந்து மீண்டேன்; சிறு நோவும் இல்லை. நாள்தோறும் பதிகம் ஓதும் நெஞ்சில் அடைப்புக்கு இடமேது?

இல்லாள் கமலம் உடன்படவில்லை. மாற்றி வைத்த இதயத்தில் நரம்பு அறுபட்டிருக்கும், குழாய் அடைத்தாலும் வலி தெரியாது என்று மருத்துவர் கூறியதை நினைவூட்டினாள். பிறகு ஒரு கேள்வி.

"ஓதுறது நீங்க. நெஞ்சு வேற யாரோடதோ. அவங்க ஓதுனாங்களான்னு தெரியுமா?"

பதிகப் புத்தகத்தை மூடி வைத்தேன்.

வெள்ளி

வழக்கு சிவன் கோயிலுக்குப் போயிற்று. பூக்கட்டிப் பார்ப்பதென முடிவு. செவ்வரளி வந்தால் திருச்சி, வெள்ளை நந்தியாவட்டை வந்தால் வீடு. இரண்டு பொட்டலமும் கட்டியவள் கமலம். குருக்கள் சந்நிதியில் வைத்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். செவ்வரளி. இறைவன் ஆணை, கண் கலங்க வணங்கினேன்.

வெளியே வந்து மற்றதையும் ஏனோ பிரித்தேன். அதுவும் செவ்வரளி.

"வெள்ளை பூக்கலைங்க இன்னிக்கு. அதுவும் சாமி செயல்தானே."

குருக்களிடம் முறையிட்டேன். சந்நிதியில் ஆணையென்று வணங்கி ஏற்றாயிற்று, இனி மாற்றுவதற்கில்லை என்று நடை சாத்தினார். உள்ளே சிரிப்போசை.

ஞாயிறு

எடுத்துச் செல்ல: வேட்டி இரண்டு, திருநீற்றுப் பை, மாத்திரைகள், முகக்கவசம். கமலம் சீப்பும் வைத்தாள். என் தலையில் அதற்கு வேலை இல்லை. மழை இல்லை.

திங்கள்

திருச்சி. மணிக்கட்டு வழியே மெல்லிய குழாய் செலுத்திப் பார்த்தார்கள். இதயத் தமனி ஒன்று பெரிதும் சுருங்கியிருக்கிறது. இப்படியே விட்டிருந்தால் ஒரு முனகல்கூட இல்லாமல் ஒரு நாள் நின்றுபோயிருக்கும் என்றார் மருத்துவர். ஸ்டென்ட் வைத்தார்கள். மருந்தும் மாறுகிறது. அப்போதும் நெஞ்சில் வலி இல்லை. இம்முறை பெருமையும் இல்லை.

செவ்வாய்

வார்டு. உப்பில்லாத கஞ்சி. அடுத்த கட்டிலில் ஓயாத கைப்பேசி. கமலம் நெஞ்சைப் பிடித்தபடி அருகில் அமர்ந்திருந்தாள். என்னவென்று கேட்டேன்.

"உங்களுக்கு வலிக்காதுன்னுட்டாங்க. எனக்கு வலிக்குதுங்க."

பதறிச் செவிலியை அழைத்தேன். உடனே அவளுக்கு இ.சி.ஜி. எடுத்தார்கள். பழுது ஏதும் இல்லை.

அதன்பின் என்னோடு பேச்சில்லை.