மகாராணி இலை

புத்தக வெளியீட்டு விழாவில் நான் கூச்சல் போட்டதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். புருஷன் போனபிறகு பொழுது போகாமல் வம்பு தேடுகிறாளாம். தவறு. நான் குரலை உயர்த்தவே இல்லை. கான்வென்ட்டில் ஒன்றாகப் படித்த நம் இருவருக்கும் அந்தப் பழக்கத்தைச் சொல்லித்தரவில்லை.

இன்று காலை காம்பவுண்டுச் சுவரோரம் வெட்டுக்காயப்பூண்டைக் கிள்ளிக் கசக்கினேன். அந்தப் பச்சை வாடையோடு நீ வந்தாய்.

சாணார்பட்டிப் பக்கம் நீ நர்ஸாக இருந்தபோது, அரிவாள் பட்டு வருகிறவர்கள் காயத்தில் இந்த இலையை அப்பிக்கொண்டு வருவார்கள். திட்டிக்கொண்டே கழுவுவாய். ஆனால் இரத்தம் நின்றிருப்பதைக் கவனித்தாய். எத்தனை நாளில் சதை கூடியது என்று நோட்டில் எழுதத் தொடங்கினாய். இலையின் துவர்ப்புச் சத்து இரத்தக் கசிவை அடக்குகிறது, புதுத் தோல் வளரத் துணைசெய்கிறது என்பதையெல்லாம் பிறகு படித்துச் சேர்த்தோம். சர்க்கரைக்காரர்களின் கால் புண்ணில் வைக்கக் கூடாது என்று சிவப்பு மையில் எழுதினாய். பிழைகளை நான் திருத்தினேன்.

ஒருமுறை என் விரலைக் கத்தி கீறியது. சாற்றைப் பிழிந்துவிட்டுச் சிரித்தாய்.

"உன்னைய மாதிரியேதாண்டி மகாராணி. வச்ச ஒடனே சுள்ளுங்குது, பெறகு ஆத்திவிட்டுருது."

அன்றே நோட்டில் செடியின் பெயரை அடித்துவிட்டு 'மகாராணி இலை' என்று எழுதினாய். நான் கோபித்தும் மாற்றவில்லை.

அந்த நோட்டைத்தான், மூலிகைகளைப் பற்றி எழுதுவதாக வந்த கல்லூரிப் பேராசிரியர் ஒரு வாரத்துக்கு என்று வாங்கிப்போனார். நீ கேட்டபோதெல்லாம் தொலைந்துவிட்டது என்றார். நீ போய்ச் சேர்ந்தாய், அவர் பெயரில் புத்தகம் வந்துவிட்டது. அதில் உன் பெயர் இல்லை. சிவப்பு மை வரியும் இல்லை. 'மகாராணி இலை' மட்டும் இருக்கிறது, இவ்வட்டார மக்கள் வழங்கும் பழம்பெயராக! அரண்மனைப் பெண்கள் பூசியதால் வந்த பெயராம்.

விழாவில் எழுந்து, இந்தப் பெயரை எந்த ஊரில் கேட்டீர்கள் என்றேன்.

"அங்கிட்டு எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க."

"எல்லாரும் இல்லை, ஐயா. ஒருத்திதான் சொன்னாள். அந்த மகாராணி நான்தான்."

அவர் தண்ணீர் கேட்டார். அந்த நிமிடம் எனக்கு இனித்தது. பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம் இதைச் சொல்லப்போவதில்லை.

போகட்டும் விடுடி என்பாய். விடமாட்டேன். உனக்காக நான் இன்னும் வைத்திருப்பது இந்தக் கோபம் ஒன்றுதான். இது ஆற வேண்டாம்.

இந்தக் கடிதத்தின் நகலைப் பதிவுத் தபாலில் அவருக்கும் அனுப்புகிறேன். ஐயா, அடுத்த பதிப்பில் அவள் பெயரும் அவள் எச்சரிக்கையும் வருமா, வராதா? எழுத்தில் பதில் தரவும்.